வாய் திறக்காத லொகேஷன்காரன்

அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வருவான். குடிக்க மாட்டான். வீடு பார்க்க வரும் பெண்களிடம் இளிக்க மாட்டான். ஒரு ரகசியத்தை நம்பிச் சொன்னால், கழுத்தில் கத்தி வைத்தாலும் வாயைத் திறக்க மாட்டான். அவ்வளவுதான். மீதி முழுக்க என் வயிற்றெரிச்சல்.

எங்கள் தெருவில் அவனுக்கு லொகேஷன்காரன் என்று பெயர். வீட்டுத் தரகன். எதைக் கேட்டாலும், "லொகேஷன் அனுப்பறேன், வந்துடுங்க" என்பான். ஒருமுறை அவன் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எப்படி இருக்கிறார் என்று மரியாதைக்கு விசாரித்தேன். அதற்கும் லொகேஷன்தான் வந்தது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடும் பெட்டி ஒன்று. வாடகை ஒப்பந்தம் அடிக்க வாரத்தில் நாலு நாளாவது வந்து நிற்பான். அவன் தொழில் தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன். அதற்கு முன்னால் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். மாடி மாடியாக ஏறி இறங்கியதில் எந்த வீட்டில் எத்தனை அறை, எந்தச் சுவரில் ஈரம், எந்தக் கிழவர் கதவைத் திறக்க அரை மணி நேரம் எடுப்பார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஜனங்கள் எல்லாவற்றையும் போனில் பார்க்கத் தொடங்கியதும் கேபிள் படுத்துவிட்டது. அவன் படுக்கவில்லை. தன் வயிற்றில் அடித்த அதே போனை வைத்தே பிழைக்கலாம் என்று கண்டுபிடித்தான்.

அந்தப் பிழைப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால், வீட்டு விளம்பரம் போடும் ஆப் ஒவ்வொன்றையும் திறந்து, தன்னுடைய பழைய விளம்பரங்களை ஒரு தட்டுத் தட்டிப் புதுசாக்குவான். அப்படிச் செய்தால்தான் பட்டியலில் மேலே வருமாம். ஏரியா, தெரு என்று மேலோட்டமாகப் போடாமல் வரைபடத்தில் சரியாக வீட்டின் தலையிலேயே புள்ளி வைத்தால் இன்னும் மேலே வருமாம். பிறகு முப்பது நாற்பது வாட்ஸ்அப் குழுக்கள். எல்லாவற்றிலும் இவனைப் போன்ற தரகர்கள். இவன் போடும் வீடியோவை அவர்கள் எடுத்து, இவன் நம்பரை வெட்டிவிட்டுத் தங்கள் நம்பரை ஒட்டி அடுத்த குழுவுக்கு அனுப்புவார்கள். இவனும் அவர்கள் வீடியோவை அப்படித்தான் செய்வான். கேட்டால், "இதுல என்னக்கா இருக்கு, எல்லாரும் செய்யறதுதான்" என்பான்.

படம் எடுக்க இவனிடம் ஒரு தனி வித்தை உண்டு. அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, அகலமாகக் காட்டும் ஒரு குட்டி லென்சைப் போனில் மாட்டி, நெஞ்சு உயரத்தில் வைத்து எடுப்பான். நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் அறை, பந்து விளையாடலாம் போலத் தெரியும். பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போடுவான். வாளியைக் கதவுக்குப் பின்னால் ஒளிப்பான். சுவரில் ஈரம் இருந்தால் போனில் விரலால் தேய்ப்பான். படத்தில் போய்விடும், சுவரில் இருக்கும். காலி அறையில் ஒரு சாம்பல் நிற சோபாவை ஆப் வைத்து ஒட்டுவான். எல்லா வீட்டிலும் அதே சோபா. ஒருநாள் குடிவந்த ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் என் கடைக்கே அவனைத் தேடி வந்து, "சோபாவை எப்பப்பா கொண்டாந்து போடுவே?" என்று கேட்டார். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

ஆட்களின் பெயரை மட்டும் அவன் எங்கேயும் பதிந்துவைப்பதில்லை. பெயர் எதற்கு, தேவைதான் முக்கியம் என்பான். போனில் ஒவ்வொருவரும் ஒரு தேவையாகத்தான் இருப்பார்கள். 'ரெண்டு ரூம், நாய் உண்டு.' 'மூணாம் மாடி வேண்டாம், முழங்கால் வலி.' பெண்டாட்டி நம்பரை எப்படி வைத்திருக்கிறான் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'சொந்தம், காலி இல்லை' என்று இருந்தது. அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். இவனுக்கு வாய்த்தாள், என்ன செய்ய.

இப்படிப்பட்டவனிடம்தான் நான் என் தங்கைக்கு வீடு பார்க்கச் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். யாரைக் குற்றம் சொல்ல?

தங்கை, புருஷனை விட்டு வந்தவள். விட்டு வந்தாள் என்றால் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஆறு வயதுப் பெண்ணையும் தையல் மிஷினையும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாலு மணி நேரப் பயணத்தில் என்னிடம் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. மிஷினும் அப்படித்தான். அந்தப் புண்ணியவான் ஒருநாள் அதைத் தூக்கி எறிந்ததில் பலகை பிளந்து, அவள் அதைச் சிவப்பு ஒயரால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். என் வீட்டில் அவளை வைத்துக்கொள்ள முடியாது. அவன் முதலில் அங்கேதான் வருவான். வந்தான். இரண்டு முறை வந்து கடை வாசலில் நின்றான். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கண்டுபிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன், அப்புறம் அவள் தானாக வருவாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னால் செய்கிற ஆள்.

ஊரின் மறு கோடியில் ஒரு வீடு வேண்டும் என்று லொகேஷன்காரனிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டதைப் பார்த்தேன். கேட்டு முடித்ததும் கண் கலங்கியிருந்தான்.

"அக்கா, என் வாயிலருந்து ஒரு எழுத்து வெளில வராது. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். மூன்றே நாளில் வீடு பிடித்துக் கொடுத்தான். மாடியில் ஒரு அறை, சின்ன ஹால், பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். சாவி ஒன்று இவனிடமே இருந்தது. கீழே ஒரு லாரி டிரைவர் குடும்பம். தங்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். பாப்பாவைப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒன்பது மாதம் போயிற்று. பாப்பா தூக்கத்தில் பதறுவதை நிறுத்தினாள். தங்கை என்னைப் பார்க்க வரும்போது தெருமுனையில் திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

ஒப்பந்தம் பதினோரு மாதம். ஒன்பது முடிந்தால் நினைவூட்ட இவன் போன் மணியடிக்கும். மணியடித்ததும் அந்த வீட்டை விளம்பரத்தில் ஏற்றிவிடுவான். குடியிருப்பவர்கள் போகிறார்களா, இருக்கிறார்களா என்பதைப் பற்றிக் கவலையில்லை. காலியான பிறகு போட்டால் ஒரு மாதம் சும்மா கிடக்குமாம். குடியிருப்பவர் தொடர்ந்தால், அந்த விளம்பரத்துக்கு வந்து விழுந்த ஆட்களுக்கு வேறு வீட்டைக் காட்டலாமாம். தூண்டிலில் இருக்கும் புழு கடைசிவரை புழுவாகவே இருந்தால் போதும், மீனுக்கு அது கிடைக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்?

தங்கைக்குப் போன் செய்தான். வீடு எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும், போய் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் துணி வாங்கப் போயிருந்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள். இவன் போனான், விளக்கைப் போட்டான், வாளியை ஒளித்தான், எடுத்தான். வீட்டுக்காரருக்கு அனுப்பினான். எடுத்தது எடுத்தாகிவிட்டது, ஒரு வேலைக்கு இரண்டு தடவை போவானேன் என்று அதையே விளம்பரத்திலும் போட்டான். நாற்பது குழுவிலும் போட்டான். வரைபடத்தில் புள்ளியும் வைத்தான்.

அந்த வீடியோவை நான் பின்னால் பார்த்தேன். ஒரு நிமிஷம் பதினெட்டு விநாடி. நன்றாகத்தான் எடுத்திருந்தான், பாவி. ஜன்னலில் அவள் தைத்த திரை. சுவரில் பாப்பா வரைந்த பூனை. மூலையில் சிவப்பு ஒயர் கட்டிய தையல் மிஷின். கதவுக்குப் பக்கத்து ஆணியில் பாப்பாவின் பள்ளி அடையாள அட்டை. நின்று நிதானமாக அதையும் கடந்து போகிறது கேமரா. ஈரத்தை மட்டும் தேய்த்து அழித்திருந்தான். அந்த அட்டையை அழிக்கத் தோன்றவில்லை. அது வீட்டின் குறை இல்லையே.

ஐந்தாம் நாள் வீடு கேட்டு ஒரு பார்ட்டி போனில் கூப்பிட்டிருக்கிறான். இந்த வீடுதான் வேண்டும், வேறு வீடு பார்க்கவே மாட்டேன் என்றானாம். வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். இப்போது யார் குடியிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான். இங்கேதான் நீங்கள் நம் ஆளை மெச்ச வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

"அதெல்லாம் சொல்ல முடியாது சார். நேர்ல வாங்க, காட்டறேன்" என்று சொல்லி, லொகேஷன் அனுப்பியிருக்கிறான்.

பெயர் கேட்கவில்லை. போனில் 'ஒரு ரூம், தனி வாசல், அவசரம்' என்று பதிந்துகொண்டான். அதே போனில் என் தங்கை 'ஒரு ரூம், தனி வாசல், அமைதி' என்று இருந்தாள். அந்தப் புண்ணியவானின் படத்தை நானாவது இவனிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்த மூஞ்சியை என் போனில் வைத்திருக்கப் பிடிக்காமல் எல்லாவற்றையும் அழித்திருந்தேன்.

சனிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. தங்கை தைத்த துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மணியடித்தது. திறந்தால் லொகேஷன்காரன்.

"தங்கச்சி, ரெண்டே நிமிஷம். ஒரு பார்ட்டி. சும்மா காட்டிட்டுப் போயிடறேன்."

அவள் சரி என்பதற்குள் உள்ளே வந்துவிட்டான். அப்படியே திரும்பிக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தான். வெளிநாட்டு வீட்டுக்காரருக்கு, ஆள் காட்டினேன் என்று ஆதாரம் அனுப்ப, வருகிறவன் முகத்தை எதிரே நின்று வீடியோ எடுத்துக்கொண்டே நடப்பது இவன் வழக்கம். அதனால் பார்ட்டியின் முகம்தான் இவனுக்குத் தெரிந்தது. பார்த்திருக்க வேண்டிய முகம் இவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இது ஹால் சார். நல்ல வெளிச்சம். காத்து நேரா வரும்."

"ஆமா, வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்றான் அவன். மிஷின் பக்கம் போய் அந்தச் சிவப்பு ஒயரைத் தொட்டுப் பார்த்தான். "இன்னுமா இதை மாத்தல?"

பாப்பா பென்சிலைப் போட்டுவிட்டு மிஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். லொகேஷன்காரன் அதையும் பார்க்காமல், "கிச்சன் சின்னதுதான், ஆனா ரெண்டு பேருக்கு தாராளம்" என்று போய்க்கொண்டே இருந்தான். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். தங்கை இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூட வேலை செய்யறவன் இந்த ஊருக்கு மாத்தலாகி வீடு தேடிட்டிருந்தான்" என்றான் புருஷன், ஏதோ விருந்துக்கு வந்தவனைப்போல. "அவன் போன்ல பார்த்தேன். நான் உடைச்சது எனக்குத் தெரியாதா? சாமானைக் கட்டு. நாளைக்குக் காலைல வண்டியோட வரேன். நீ வராட்டியும் சரி. இவளோட ஸ்கூல் எனக்குத் தெரியும்."

ஆணியிலிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். கை நீட்டவில்லை. கத்தவில்லை. இன்னொரு ஆள் இருக்கும்போது அவன் அதெல்லாம் செய்வதில்லை.

படிக்கட்டில் லொகேஷன்காரன் அவன் பின்னாலேயே இறங்கி, "வீடு பிடிச்சுதா சார்?" என்று கேட்டிருக்கிறான். இதை அவனேதான் என்னிடம் சொன்னான். "விஷயம் புரிஞ்சுபோச்சுக்கா. ஆனாலும் வாய் தானா கேட்டுடுச்சு" என்றான்.

நான் போய்ச் சேரும்போது நாலரை. தங்கை அழவில்லை. பாப்பாவை மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே இழுக்க முடியாமல், அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். லொகேஷன்காரன் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை ஓங்கி அறைந்தேன். நாற்பது வயதுக்காரனை அறைந்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

"எழுந்திரு. ஸ்டேஷனுக்கு நீயும் வா. நீ எடுத்த வீடியோல எல்லாம் இருக்கு, அவன் மூஞ்சி, அவன் பேச்சு, எல்லாம்."

வந்தான். ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். தங்கை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். கோணல் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். மிரட்டினான் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் இவனைக் காட்டினேன்.

"வீடியோவைக் கொடுங்க" என்றார் அவர்.

இவன் குனிந்த தலை நிமிராமல், "இல்லைங்க" என்றான்.

"இல்லைன்னா?"

"அழிச்சிட்டேன்."

எனக்குக் காதில் விழுந்தும் புரியவில்லை. அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் தான்தான் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அழித்திருக்கிறான். போனின் குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுக்க முடியாதபடி, அங்கேயும் போய் அழித்திருக்கிறான். தொழிலில் சுத்தமானவன்.

"சரி, கண்ணால பார்த்தீங்கதானே? என்ன சொன்னான்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் அந்தப் பெண் போலீஸ்.

இவன் என்னைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "நான் கிச்சன்ல இருந்தேன் மேடம். சரியா காதுல விழல" என்றான்.

ரகசியம் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த வாய். திறக்க வேண்டிய இடத்திலும் திறக்கவில்லை. எழுதிய காகிதத்தில் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் இவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி, விளம்பரத்தையாவது அழி என்றேன். என் கண்ணெதிரே ஆப்பில் இருந்ததை எடுத்தான். குழுக்களில் 'தயவுசெய்து அழித்துவிடவும்' என்று கும்பிடு போட்டு அனுப்பினான். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அழித்தவன் ஒருவனும் இல்லை. அதற்குள் அது பதினேழு பேரின் நம்பரோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டியதை ஒரே நொடியில் ஒழித்துக்கட்டியவனால், ஒழிக்க வேண்டியதைத் தொடக்கூட முடியவில்லை.

"அக்கா, தங்கச்சிக்கு நானே வேற வீடு பார்த்துத் தரேன்" என்றான். சத்தியமாக, மனதாரத்தான் சொன்னான். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

அந்த இரவு கீழ்வீட்டு லாரி டிரைவர் தங்கையையும் பாப்பாவையும் தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். விடிவதற்கு முன் தங்கை கிளம்பிவிட்டாள். மிஷினை எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் போகிறாள் என்று டிரைவருக்குத்தான் தெரியும். அவர் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார், தங்கச்சி சொல்லக் கூடாது என்றதாம். காலை எட்டு மணிக்கு அந்தப் புண்ணியவான் சொன்னபடி வண்டியோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, நேராக என் கடைக்கு வந்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

லொகேஷன்காரன் தொழிலை விடவில்லை. எதற்கு விடுவான்? என் கடைக்கு வராதே என்றேன், எதிர்க் கடைக்குப் போகிறான். தெருவில் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கடந்துவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை என்கிறாள் என் வீட்டு மருமகள். இருக்கட்டும். கெட்டவனாக இருந்திருந்தால் நான் அவனிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு புது நம்பரிலிருந்து தங்கை பேசினாள். பாப்பா சாப்பிடுகிறாள் என்றாள். வேலை ஒன்று கிடைத்திருக்கிறது என்றாள்.

"எங்கடி இருக்கே?"

"நல்லா இருக்கோம்க்கா."

"அது கேக்கலடி. எங்கே?"

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயா? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

"நீ சொல்ல மாட்டேக்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள். "அந்த அண்ணனும்தான் யார்கிட்டயும் சொல்லல."

வைத்துவிட்டாள். நான் அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். ஒரு கடைக்காரர் எடுத்தார். ஒரு அம்மா வந்து போன் பேசணும்னு கேட்டாங்க, பேசிட்டுப் போயிட்டாங்க என்றார். எந்த ஊர்க் கடை என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் வைத்துவிட்டு, அந்த நம்பரையும் அழித்தேன்.